96 கோழிக் கூண்டு: பெட்டியில் போட்ட எண்ணும் பள்ளிக் கட்டணக் கணக்கும்

பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து கோழி வளர்த்து, முட்டை விற்ற காசில் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தால், முதலில் கண்ணில் படுவது இந்தத் தொகுப்புதான். மூன்றடுக்கு ஏ வடிவக் கம்பிக் கூண்டு, தண்ணீர்க் குழாயோடு, '96 கோழி' என்று பெட்டியில் அச்சிட்டு வரும். பல பெயர்களில், பல நிறத் தீவனத் தொட்டிகளோடு விற்கிறார்கள். பெயர் எதுவானாலும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே பார்ப்பது அந்த வகையைத்தான். தனித்தனிப் பிராண்டுகளுக்குள் போகவில்லை.

பிரித்தால் இருப்பது இவ்வளவு: பக்கத்துக்கு 12 வீதம் 24 அறைகள், ஆறு நீளத் தீவனத் தொட்டிகள், 24 நிப்பிள்கள் (கோழி அலகால் கொத்தினால் தண்ணீர் விடும் சிறு குமிழ்கள்), 20 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்று, மேலடுக்கின் எச்சம் கீழடுக்குக் கோழியின் முதுகில் விழாமல் தடுக்கும் பிளாஸ்டிக் திரை, கம்பிகளைப் பிணைக்க ஒரு பை சி கிளிப், அதை அழுத்த ஒரு பிளையர். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரே நாளில் பூட்டிவிடலாம். எச்சத் தட்டு கிடையாது. பூட்டும் முறையை விளக்கும் தாள் இருக்கும், ஆனால் தண்ணீர்க் குழாயைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. சிக்கல் தொடங்குவதே அந்தக் குழாயில்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் அந்த 96. ஓர் அறை 47 செ.மீ. அகலம், 35 செ.மீ. ஆழம். மொத்தம் 1,645 சதுர செ.மீ. அறைக்கு நான்கு கோழி விட்டால் ஒன்றுக்கு 411 சதுர செ.மீ., அதாவது ஓர் ஏ4 தாளில் மூன்றில் இரண்டு பங்கு. மூன்று விட்டால் 548. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெறும் கம்பிக் கூண்டுகளுக்கு இருந்த குறைந்தபட்ச அளவே 550. அதுவும் போதாது என்றுதான் 2012 ஜனவரியோடு அங்கே அவ்வகைக் கூண்டுகளையே தடை செய்தார்கள். ஆகவே இந்தத் தொகுப்பின் உண்மையான கொள்ளளவு 72. பழுப்பு முட்டையிடும் கனத்த இனம் என்றால், 72 கூட நெருக்கம்தான்.

இதை இரக்கத்தின் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம், காசுக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. தீவனத் தொட்டியில் நான்கு கோழிக்கும் இடம் இருக்கிறது, தலைக்கு ஏறக்குறைய 12 செ.மீ. வரும். ஆனால் நான்காவது கோழி மற்ற மூன்றிடமும் கொத்து வாங்கிக்கொண்டு பின்னால் நிற்கும். மற்றவை ஒதுங்கிய பிறகு, மாவு மட்டும் மிஞ்சிய தொட்டியில் வாய் வைக்கும். கழுத்துச் சிறகு உதிர்ந்து, கொண்டை வெளிறி, முட்டை குறையும். சராசரி முட்டையிடும் வீதம் 80 சதவீதம் (நூறு கோழிக்கு நாளுக்கு 80 முட்டை) இருந்தால் ஒரு முட்டைக்கு ஆகும் தீவனம் ஏறக்குறைய 137 கிராம். அது 70க்கு இறங்கினால் 157 கிராம். கோழி கூடுகிறது, முட்டையும் கூடலாம், ஆனால் கையில் நிற்கும் காசு கூடாது. ஏன் என்பதற்கு அந்தக் காசை எப்படி எண்ணுவது என்று பார்க்க வேண்டும்.

இந்த வேலைக்குப் பணத்தை விட்டுவிட்டு முட்டையிலேயே கணக்குப் போடுவது நல்லது. பண விலை வாரத்துக்கு வாரம் மாறும். 'ஒரு கிலோ தீவனத்தின் விலைக்கு மொத்த விலையில் எத்தனை முட்டை?' என்ற ஒரே கேள்வி போதும். முட்டையிடும் கோழி நாளுக்கு 110 கிராம் தின்னும். 72 கோழிக்கு ஏறக்குறைய 8 கிலோ, மாதத்துக்கு 240 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 80 சதவீதத்தில் நாளுக்கு 57 முட்டை, மாதத்துக்கு ஏறக்குறைய 1,730. கிலோ தீவனம் நான்கு முட்டை விலை என்றால் முட்டை வருமானத்தில் 55 சதவீதம் தீவனத்துக்கே போகும். ஐந்து என்றால் 69. ஆறு என்றால் 82. ஏழைத் தொட்டால் 96, அதாவது கோழிக்குப் போட்டதுதான் முட்டையாகத் திரும்புகிறது, பள்ளிக்கூடத்துக்கு எதுவும் இல்லை. கூண்டு வாங்குமுன் இந்த ஒரு எண்ணை விசாரியுங்கள். ஆறுக்கு மேல் இருந்தால் வாங்க வேண்டாம்.

ஐந்து என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த செலவு கோழியேதான், இதை முக்கால்வாசிப் பேர் மறக்கிறார்கள். இன்னும் முட்டையிடத் தொடங்காத 16 வார வளர்பருவக் கோழி அதுவரை ஐந்தரை, ஆறு கிலோ தீவனம் தின்றிருக்கும். அதன் விலையே 30 முட்டை. குஞ்சு விலை, தடுப்பூசி, குஞ்சுப் பருவச் சூடு, இடையில் செத்தவை எல்லாம் சேர்த்துக் கோழி ஒன்று 50 முட்டை என்று வைக்கலாம். 72 வார வயதில் கழிக்கும்வரை அது இடுவது 290 முட்டை அளவில். ஆக, ஒவ்வொரு முட்டையிலும் 17 சதவீதத்தை அடுத்த கோழிக்காக எடுத்து வைத்தாக வேண்டும். கழிவுக் கோழி விற்ற காசு இதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும், ஆனால் கைக்கு வராத காசை இப்போதே எழுதிக்கொள்ள வேண்டாம். மருந்து, விளக்கு, உடைந்த முட்டை என்று இன்னும் 4 சதவீதம். தீவனத்தின் 69ஐயும் சேர்த்தால் மொத்தம் 90.

மிச்சம் 10 சதவீதம். மாதத்துக்கு ஏறக்குறைய 170 முட்டை, 30 முட்டை அட்டையில் ஆறு அட்டைகூட நிரம்பாது. 72 கோழியை வைத்து 'இருபது பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம்' என்று துண்டறிக்கை சொன்னால், அந்த ஆறு அட்டையை இருபதால் வகுத்துப் பாருங்கள். உழைப்புக்குக் கூலி போடாமலே வரும் எண் இது. முன்னே சொன்ன 70 சதவீதக் கோழிக்கு இதே கணக்கில் தீவனமே 79 சதவீதத்தை விழுங்கிவிடும். 24 கோழி கூட வைத்ததன் பலன் அங்கேயே தீர்ந்துபோகும்.

கணக்கை மாற்றக்கூடிய ஒரே இடம் விற்பனை. மேலே எல்லாம் மொத்த விலையில் போட்டது. அதே முட்டையை மொத்த விலையைவிட 20 சதவீதம் கூட்டி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நேரடியாகக் கொடுத்தால் செலவு அதேதான், மிச்சம் 10க்குப் பதில் 30. மூன்று மடங்கு. மாதம் 500 முட்டைக்கு மேல் நிற்கும். கூண்டை இன்னும் நாலு வாங்குவதைவிட, அறுபது வீடுகளை நிரந்தர வாடிக்கையாகப் பிடிப்பது மலிவு. கூண்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே வாடிக்கைப் பட்டியலை எழுதி முடித்துவிடுங்கள். அதில் 'கடன்' என்ற பத்தி ஒன்று போடத் தோன்றும், போடாதீர்கள்.

இப்போது தண்ணீர். தொகுப்பில் வரும் ஒரே தொட்டியை மேலே தொங்கவிட்டு, ஒரே குழாயை இறக்கி மூன்றடுக்குக்கும் கிளை பிரிக்கிறார்கள். நிப்பிள் மெல்லிய அழுத்தத்தில் வேலை செய்யும் பொருள். குழாய்க்கு 20 முதல் 40 செ.மீ. மேலே தொட்டி இருந்தால் போதும். மேலடுக்குக்கு 30 செ.மீ. உயரத்தில் தொட்டியை வைத்தால், அடுக்குக்கு அடுக்கு 45 செ.மீ. இறங்கி, அடியடுக்கில் 120 செ.மீ. நீர் அழுத்தம் நிற்கும். விளைவை இரண்டாம் வாரத்திலேயே பார்க்கலாம். அடியடுக்கு நிப்பிள்களின் ஊசி முனையில் எப்போதும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். கோழி கொத்தாமலே அது விழும், அடுத்தது திரளும். நாள் முழுவதும் இப்படியே விழுந்தால் அந்த வரிசைக்கு அடியில் இருக்கும் எச்சம் மட்டும் கஞ்சியாகி, நடுவில் வெள்ளையாகப் புழு நெளியும். அண்டை வீட்டார் சண்டைக்கு வருவதும் அந்த வாரம்தான்.

தீர்வு எளிது, தொகுப்பிலேயே கொடுத்திருக்க வேண்டியதும் கூட. அடுக்குக்கு ஒன்றாக மூன்று 5 லிட்டர் டப்பா, ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும் ஒரு மிதவை வால்வு. 20 லிட்டர் தொட்டியிலிருந்து இந்த டப்பாக்களுக்கு, டப்பாவிலிருந்து அந்தந்த அடுக்குக் குழாய்க்கு. குழாயை ரசமட்டம் வைத்துக் கட்டுங்கள். ஒரு முனை ஏறியிருந்தால் அங்கே காற்று பிடித்துக்கொள்ளும், கடைசி இரண்டு அறைக்குத் தண்ணீர் போகாது. கோழி காலையில் தின்னாமல் நின்றால் நோய் என்று பதறுவதற்கு முன் அந்த அறை நிப்பிளை விரலால் தட்டிப் பாருங்கள். கடைசி முனையில் மூடிக்குப் பதில் சிறு குழாய்த் திருகு போட்டால் காற்றையும் வெளியேற்றலாம், வாரத்துக்கு ஒருமுறை குழாயை அலசியும் விடலாம். வழவழப்பு படிவது அப்போதுதான் குறையும். 72 கோழிக்குச் சாதாரண நாளில் 18 லிட்டர் போதும். வெயில் ஏறினால் இரண்டு மடங்குவரை குடிக்கும், 20 லிட்டர் தொட்டி நண்பகலிலேயே காலியாகும். முட்டையிடும் கோழிக்கு வெயிலில் அரை நாள் தண்ணீர் நின்றால், அடுத்த சில நாள் முட்டைக் கணக்கில் அது தெரியும்.

கம்பியின் தரத்தில் மலிவுத் தொகுப்புக்கும் நல்ல தொகுப்புக்கும் உள்ள வித்தியாசம் முதல் நாள் தெரியாது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கம்பி சற்று மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். மின்முலாம் பூசியது பளபளவென்று கண்ணைப் பறிக்கும், ஆனால் அம்மோனியா பட்டுச் சீக்கிரம் துருப்பிடிக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். தரைக் கம்பியின் நடுவை உள்ளங்கையால் அழுத்துங்கள். சட்டென்று தொய்ந்தால், கோழியின் எடையில் அங்கே பள்ளமாகி முட்டை முன்னால் உருளாமல் தங்கிவிடும். தங்கிய முட்டை மிதிபடும், கொத்துப்படும். ஒருமுறை ருசி கண்ட கோழி முட்டை தின்பதை விடாது. தரைச் சரிவு 7, 8 பாகை இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் முட்டை வேகமாக உருண்டு முன் விளிம்பில் மோதி மயிரிழை விரிசல் விடும். நாளுக்கு நாலு முட்டை விரிசல் விட்டாலே 7 சதவீதம், மேலே சொன்ன மிச்சத்தில் பெரும்பங்கு. விரிசல் எப்போதும் ஒரே இடத்தில் என்றால் அங்கே தொட்டி இணைப்பில் கம்பி முனை துருத்திக்கொண்டிருக்கும். அரம் போட்டுத் தேய்த்தால் சரி.

தீவனத் தொட்டி பரவாயில்லை ரகம். உள்பக்க விளிம்பில் மடிப்பு குறைவாக இருப்பதால், கோழி அலகால் கிளறி வெளியே தள்ளும். தொட்டியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், காலையும் பிற்பகலும் இரண்டு தடவையாகப் போட்டால் சிந்துவது குறையும். நடுப்பகலில் ஒருமுறை தொட்டி காலியாவது நல்லது, அடியில் தங்கும் தாது மாவையும் தின்றுவிடும். கிளிஞ்சல் குருணையைப் பிற்பகல் தீவனத்தோடு சேருங்கள். ஓடு உருவாவது இரவில், அந்த நேரத்தில் வயிற்றில் சுண்ணாம்புச் சத்து இருக்க வேண்டும். முட்டையிடும் தீவனத்தில் ஏறக்குறைய 4 சதவீதம் கால்சியம் தேவை. மலிவு என்று வளர்பருவத் தீவனத்தையே தொடர்ந்தால் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு போடும். பிறகு ஒருநாள் காலையில் கால் மடங்கி, எழ முடியாமல் கிடக்கும்.

விளக்கைப் பற்றித் தொகுப்பில் ஒன்றும் இல்லை. பகல் வெளிச்சமும் விளக்குமாகச் சேர்த்து 16 மணி நேரம், நாள் தவறாமல் ஒரே நேரத்தில். கைக்குக் கை மாறும் கூட்டுப் பண்ணையில் யாராவது ஒருவர் விளக்குப் போட மறப்பார், அதனால் டைமர் ஒன்று கட்டாயம். விளக்கைக் கூண்டுக்கு நேர் மேலே மாட்டினால் அடியடுக்கு இருட்டில் கிடக்கும். பக்கவாட்டில் மாட்டுங்கள்.

எச்சம் 72 கோழிக்கு நாளுக்கு ஏறக்குறைய 8 கிலோ. வாரத்துக்கு இரண்டு முறை அள்ளினால் ஈ முட்டையிட்டுப் பறப்பதற்குள் சுழற்சி அறுந்துவிடும். நாற்றத்துக்குச் சுண்ணாம்புத் தூள் தூவுவது பரவலான பழக்கம், ஆனால் ஈர எச்சத்தில் காரம் ஏறினால் அம்மோனியா இன்னும்தான் கிளம்பும். மரத்தூளோ உலர்ந்த உமியோ போதும். வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் இந்த வேலையைச் செய்ய ஆள் நிச்சயமாகாத வரை கூண்டை இறக்கவே வேண்டாம்.

நோய்த் தடுப்பில் சிறு கூட்டத்துக்கு ஒரு சங்கடம். கூட்டத்தையே கொன்றுபோடும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்துக் குப்பி பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கோழிக்கான அளவில் வரும். மீதியை மறுநாளுக்கு வைக்க முடியாது, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். குடிநீரில் கொடுப்பதானால் முதல் நாளே குளோரின் கலந்த நீரை நிறுத்தி, குழாயை அலசி, கோழிகளை இரண்டு மணி நேரம் தாகத்தில் வைத்து, லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து கொடுக்க வேண்டும். நிப்பிள் குழாயில் ஏற்கெனவே நிற்கும் வெறும் நீரை முனைத் திருகு வழியாக வெளியேற்ற மறந்தால், கடைசி அறைகள் மருந்தே குடிக்காது. அம்மை, கம்போரோ (இளம் கோழிகளின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் நோய்) தடுப்பெல்லாம் வளர்பருவத்திலேயே முடிந்திருக்கும் என்பதால், 16 வாரக் கோழி வாங்கும்போது போட்ட ஊசிகளின் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கட்டணம் கட்டும் மாதமும் கோழியின் வயதும் பொருந்த வேண்டும் என்பது இந்த நோக்கத்துக்கே உரிய விஷயம். 16 வாரத்தில் இறக்கினால் 18 முதல் 20 வாரத்தில் சிறு முட்டை வரும், உச்சம் 26 முதல் 30 வாரத்தில். கட்டணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பு உச்சம் வந்தால்தான் கையில் சேர்ந்திருக்கும். அதாவது தேதிக்கு ஆறு மாதம் முன்பே கோழி கூண்டில் இருக்க வேண்டும். ஒரே தடவையில் 72ஐயும் இறக்கினால் எல்லாம் ஒன்றாகக் கிழடாகி, புதுக் கூட்டம் முட்டையிடும்வரை மாதக்கணக்கில் வருமானம் இல்லை. ஏ வடிவத்துக்கு இரண்டு பக்கம் இருப்பதால் பக்கத்துக்கு 36 என்று ஆறு மாத இடைவெளியில் இறக்கலாம். வயது கலப்பதில் நோய் பரவும் ஆபத்து உண்டு, பெரிய பண்ணைக்காரர்கள் இதை ஒப்பமாட்டார்கள். ஆனாலும் மாதாமாதம் கட்டணம் கட்டும் குழுவுக்கு இதுவே பொருத்தம், புதிதாக வருபவை முழுத் தடுப்பூசியோடு வந்தால்.

தொகுப்போடு ஒரு பதிவேடும் தருகிறார்கள். தேதி, முட்டை, தீவனம் என்று மூன்றே பத்தி. அதில் விரிசல், சாவு, எண்ணிய இருவரின் கையெழுத்து என்று இன்னும் மூன்று பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள். முட்டையை ஒருவராக எண்ண விடுவது சந்தேகத்தை வளர்க்கும், கூட்டுப் பண்ணைக்கு அது வெள்ளைக்கழிச்சலுக்குச் சமம். காலை வேலை முறையில் பள்ளிப் பிள்ளைகளின் பெயரைப் போடாதீர்கள். முதல் பாட வேளையைத் தொலைத்துவிட்டு வரும் முட்டைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அழுக்கு முட்டையைத் தண்ணீரில் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்க அட்டையில் அடுக்கச் சொல்லுங்கள். வாசலில் பண்ணைக்கென்று தனிச் செருப்பு. வீட்டில் தனியாகக் கோழி வளர்ப்பவர் முறையில் இருந்தால் அவருக்கு மாலை முறை கொடுத்து, கைகால் கழுவிய பிறகே உள்ளே விடுங்கள்.

வாங்கலாமா? 72க்கு வாங்கலாம். வடிவம் நல்லது, முட்டை சுத்தமாக வரும், இடம் குறைவு, ஒரு பார்வையில் 72 கோழியையும் பார்த்துவிடலாம். மூன்று டப்பா, மூன்று மிதவை வால்வு, டைமர் ஆகியவற்றின் செலவைக் கூண்டு விலையோடு சேர்த்தே ஒப்பிடுங்கள். அறைக்கு நான்குதான் என்று விற்பவர் அடித்துச் சொன்னால், ஓர் ஏ4 தாளைக் கூண்டுத் தரையில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். உதிரிப் பாகம் பின்னால் தனியாகக் கிடைப்பது சிரமம் என்பதால் பத்து நிப்பிள், ஐம்பது சி கிளிப், இரண்டு கதவு ஸ்பிரிங் ஆகியவற்றைக் கூண்டோடேயே கேட்டு வாங்கி, டப்பாவில் போட்டுத் தீவன மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.